ஸ்லாட்டில் உட்காரும், போர்டுக்குச் சேராது

போன வாரம் பிரபு போன் செய்தான். நான் வேலை பார்த்த கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் இப்போது அவன்தான் எல்லாம். ரேம் விற்கிற விலையில் புதிதாக வாங்க நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லையாம். பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளில் இருந்து கழற்றிய ரேம் மொத்தமாகக் கிடைக்கிறது, வாங்கிப் போட்டுவிடலாமா என்று என்னிடம் கேட்டான். எந்த மதர்போர்டு, என்ன ரேம், சோதித்துப் பார்த்தாயா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"டிடிஆர் நாலுன்னா நாலுதானக்கா. ஸ்லாட்ல உக்காந்து விண்டோஸ் வந்துருச்சுன்னா அம்புட்டுத்தான?"

அவனை நன்றாக ஏசிவிட்டேன். மறுநாள் அவனே கூப்பிட்டு, ஒரு ரேமுக்குப் போய் ஏன் இம்புட்டுக் கோபம் என்று கேட்டான். நியாயமான கேள்வி. போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் ஊர் செம்பட்டிக்குப் பக்கம். அப்பா வெண்டையும் தக்காளியும் போட்டவர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். கொஞ்ச காலம் திண்டுக்கல்லில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் இருந்தேன். பிறகு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற கடை, அப்புறம் அந்தத் தனியார் கல்லூரி. பொம்பளைக்கு ஸ்குரூ டிரைவர் எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பெட்டி நின்றுபோனபோது என்னைத் தேடித்தான் வந்தார்கள். படித்த காலம், பழகிய காலம் பற்றி இது போதும்.

கல்லூரியில் எனக்கு மேலே இருந்தவர் திருமலைச்சாமி. வயதில் எனக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு முன்பே வந்து சேர்ந்தவர், அவ்வளவுதான். திருமலை சார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் கோபம் ஒன்றும் தெரியாத ஆள்மேல் வந்த கோபம் இல்லை.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. கேபினட்டைத் திறப்பதற்கு முன் போய்க் கை கழுவி, துண்டில் ஈரம் போகத் துடைத்துவிட்டு வருவார். வந்ததும் ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொடுவார். உடம்பில் தங்கியிருக்கிற மின்சாரம் கம்பியில் இறங்கிவிடும், சிப் தப்பிக்கும். ரேமை எடுக்கும்போது ஓரத்தை மட்டும்தான் பிடிப்பார். ஸ்லாட்டில் செருகுகிற தங்க நிறப் பல்வரிசையில் அவர் விரல் பட்டு நான் பார்த்ததில்லை. பெட்டியைப் போட்டதும் வருகிற பீப் சத்தத்தை வைத்தே ரேம் கோளாறா, டிஸ்பிளே கோளாறா என்று அடுத்த அறையிலிருந்து சொல்லிவிடுவார். யாராவது தப்புச் செய்துவிட்டால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். ஒரு விஷயத்துக்கு அவர் மறுப்புச் சொல்கிறார் என்பதே முதலில் விளங்காது. "பாத்துக்கலாம் மேரி" என்பார். அந்த 'பாத்துக்கலாம்' என்றால் நடக்காது என்று அர்த்தம். அது புரியவே எனக்கு ரொம்ப நாள் ஆனது.

ரேம் வாங்குவதற்கு லேபில் ஒரு முறை வைத்திருந்தோம். அதை உண்டாக்கியவரே அவர்தான். முதலில் பெட்டியைத் திறந்து போர்டின் மாடல் நம்பரைப் போர்டின்மேலேயே படிக்க வேண்டும். வெளியே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரையும் பில்லையும் நம்பக் கூடாது. அந்த மாடலுக்குள்ளேயே முதல் தயாரிப்பா, திருத்திய தயாரிப்பா என்று ஒரு சின்ன எண் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். பிறகு போர்டு செய்த கம்பெனியே இந்தந்த ரேமைப் போட்டுச் சோதித்தோம் என்று வெளியிட்டிருக்கிற பட்டியலைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்லாட் எவ்வளவு தாங்கும், எல்லா ஸ்லாட்டும் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்பது அடுத்தது.

டிடிஆர் இரண்டு, மூன்று, நான்கு என்று ரேமில் தலைமுறைகள் உண்டு; ஒவ்வொன்றுக்கும் நடுவிலே இருக்கிற வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அதனால் தலைமுறை மாறினால் உட்காரவே உட்காராது. அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உட்கார்ந்த பிறகுதான் உண்மையான வில்லங்கம். டிடிஆர் மூன்றிலேயே வழக்கமான மின்அழுத்தம் கேட்கிறது ஒன்று, குறைந்த அழுத்தத்தில் ஓடுகிறது ஒன்று. பழைய போர்டு சிலவற்றுக்குச் சின்னச் சின்னச் சிப்பாக இரண்டு பக்கமும் பதித்த ரேம்தான் புரியும். அதே கொள்ளளவைப் பெரிய சிப்பாக ஒரே பக்கத்தில் பதித்துக் கொடுத்தால் பாதிதான் தெரியும், இல்லையென்றால் பெட்டி எழுந்திருக்கவே எழுந்திருக்காது. வேகம் வேறு வேறான இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் மெதுவான ரேமின் வேகத்துக்கு இரண்டும் இறங்கி ஓடும். ஆனால் அதுவும் ரேம் தன்னைப் பற்றி உண்மை சொன்னால்தான்.

ரேம் பொய் சொல்லுமா என்று கேட்பீர்கள். சொல்லும். ஒவ்வொரு ரேமிலும் கடுகு மாதிரி ஒரு குட்டிச் சிப் தனியாக இருக்கும். நான் இன்ன அளவு, இன்ன வேகம், எனக்கு இவ்வளவு மின்சாரம் போதும் என்று அதில் எழுதிவைத்திருப்பார்கள். பெட்டியைப் போட்டதும் போர்டு முதலில் அதைத்தான் படிக்கும். படித்ததை அப்படியே நம்பும். மெதுவாக ஓடுகிற பழைய சிப்களைப் பொறுக்கிப் பதித்துவிட்டு, குட்டிச் சிப்பில் மட்டும் வேகத்தைக் கூட்டி எழுதுகிற கூட்டம் ஒன்று உண்டு. போர்டு அதை நம்பி அந்த வேகத்தில் ஓட்டும். குளிர்ந்து இருக்கிறவரைக்கும் ஓடும். சூடு ஏற ஏற எழுதினது ஒன்று, படிப்பது ஒன்றாக ஆகிவிடும். அதனால்தான் கடைசியாகச் சோதனை. பென் டிரைவில் ஒரு புரோகிராம் இருக்கும். ரேமின் ஒவ்வொரு மூலையிலும் எழுதி, திரும்பப் படித்து, ஒத்துவருகிறதா என்று அது பார்க்கும். ஒத்துவராவிட்டால் திரையில் சிவப்பாக வரி விழும். ஒரு வரி விழுந்தாலும் அந்த ரேமைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். "ஒரு வரிதானேன்னு சொல்லக்கூடாது மேரி. அந்த ஒரு இடத்துல யாரோட கணக்கு இருக்குமோ" என்று ஒரு தடவை சொன்னவர் அதே திருமலை சார்தான்.

பிறகு அவருக்குக் கொள்முதல் பொறுப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் அறை லேபிலிருந்து மாடிக்கு, தாளாளர் அறைக்குப் பக்கத்தில் போனது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கல்லூரிக்கு ஆன்லைன் தேர்வு மையம் வந்தது. அரசு வேலைக்கு ஆள் எடுக்கிற வாரியத்தின் தேர்வு. தேர்வு நடத்துகிற ஏஜென்சி ஒன்று லேபை வாடகைக்கு எடுக்கும். பிள்ளைகள் வந்து உட்கார்ந்து எழுதிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு ஜிபி ரேமாவது இருக்க வேண்டும் என்று ஏஜென்சி சொன்னது. எங்கள் பெட்டிகளில் இரண்டுதான் இருந்தது. இன்னொரு ஸ்லாட் காலி. அதில் இன்னொரு இரண்டு போட வேண்டும். வேலை அவ்வளவுதான்.

ஒரு கடையிலிருந்து மாதிரிக்கு இரண்டு மூன்று ரேம் வந்தது. தாளாளரின் மச்சினர் கடை. நான் போட்டுப் பார்த்தேன். சுத்தமான சரக்கு; சோதனையில் ஒரு குறையும் இல்லை. சரி என்று சொன்னேன். அதன் பிறகு மொத்தமாக வந்து இறங்கிய சரக்கு வேறு. ஸ்டிக்கர் அதேதான். கையில் எடுத்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. புது ரேமின் பல்வரிசையில் கீறல் இருக்காது. இதில் ஏற்கனவே எங்கேயோ செருகி எடுத்த கோடுகள் இருந்தன. முதலில் போட்ட பெட்டியில் சோதனையை ஓட்டினேன். செத்த நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சிவப்பு. அடுத்ததிலும் சிவப்பு. ஒன்று பிழைத்தால் ஒன்று விழுந்தது.

திருமலை சாரைக் கூப்பிட்டேன். மாடியிலிருந்து இறங்கி வந்தார். பழக்கப்படி கை கழுவினார், ஜன்னல் கம்பியைத் தொட்டார். ஒரு ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டி மடக்கினார்.

"சிப்பு ரெண்டு ஜாதி மேரி. பழசை எடுத்துப் பதிச்சிருக்கான்" என்றார்.

நான் சொல்லவில்லை. அவராகவே பார்த்து, அவர் வாயால் சொன்னது. எனக்கு நிம்மதியாக இருந்தது. சரக்கு திரும்பிப் போய்விடும் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் லேபுக்கு வந்தால் கடை ஆட்கள் இரண்டு பேர் அதே ரேம்களை வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். பாதி ஹால் முடிந்துவிட்டது. நான் மாடிக்குப் போனேன். எனக்கு டீ வந்தது. அதைக் குடிக்காமலே கேட்டேன்: நேற்று நீங்களே பார்த்தீர்களே சார்.

"விண்டோஸ் வருதுல்ல. பரீட்சை முடியுற வரைக்கும் ஓடுனாப் போதும். அப்புறம் ஒண்ணொண்ணா மாத்திக்கலாம். பாத்துக்கலாம் மேரி" என்றார்.

மாற்ற முடியாதென்றால் ரேம் ஓடுகிற வேகத்தையாவது பெட்டியின் அடிப்படை அமைப்பில், பயாஸில், குறைத்து வைக்கிறேன், பெட்டி மெதுவாக ஓடினாலும் நிற்காமல் ஓடும் என்றேன். ஏஜென்சிக்காரர்கள் மத்தியானம் வந்து ஹாலுக்குச் சீல் வைக்கப் போகிறார்கள், இனி யாரும் பெட்டியைத் தொடக் கூடாது என்றார். அதையும் வருத்தமான முகத்தோடுதான் சொன்னார். மத்தியானம் சீல் வைத்துவிட்டார்கள்.

தேர்வன்று தொழில்நுட்ப உதவிக்கு நானும் ஹாலில் நின்றேன். ஏ.சி. ஓடியது. ஆனால் அத்தனை பெட்டி, அத்தனை பேர் மூச்சு; ஹாலில் சூடு ஏறியது. பாதித் தேர்வு போவதற்குள் ஒரு பெட்டி நீலத் திரை காட்டி நின்றது. பிறகு பின்வரிசையில் ஒன்று. ஏஜென்சி மேற்பார்வையாளர் ஓடிவந்து அந்தப் பிள்ளைகளை உபரியாக வைத்திருந்த பெட்டிகளுக்கு மாற்றினார். உபரிப் பெட்டியிலும் இருந்தது அதே ரேம்தான்.

ஜன்னல் பக்க வரிசையில் மகேஸ்வரி என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நத்தத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக் காய் பறித்து விற்கிறவர். அன்றைக்கு எனக்கு அவள் பெயர்கூடத் தெரியாது. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசித் தேர்வு என்பதும் பின்னால்தான் தெரிந்தது. அவள் பெட்டி நின்றது. மாற்றினார்கள். மாற்றிய பெட்டியும் நின்றது. மூன்றாவது பெட்டியில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த வேகத்தில் எழுத ஆரம்பித்தாள். அதுவும் நின்றது.

பெட்டி நின்றால் எழுதுகிறவருடைய நேரமும் நிற்க வேண்டும். அதுதான் விதி. ஆனால் வெளியே அடுத்த ஷிப்டுக்கு ஆட்கள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்; அவள் நேரத்தை யாரும் நிறுத்தவில்லை. மூன்றாவது பெட்டி திரும்ப எழுந்து அவள் எண்ணைப் போட்டபோது, தேர்வு முடிந்தது என்று திரையில் வந்தது. எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது சார் என்று அவள் சொன்னாள். எழுந்திருக்கச் சொன்னார் மேற்பார்வையாளர். அவள் எழுந்திருக்கவில்லை. மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். செக்யூரிட்டி வந்து தோளைப் பிடித்து எழுப்பினான்.

மேற்பார்வையாளர் தன் அறிக்கையில், அந்தப் பெண் சிபியு பெட்டியைக் காலால் உதைத்து ஒயரைப் பிடுங்கினாள், அதனால்தான் பெட்டி நின்றது என்று எழுதினார். நான் பக்கத்தில் நின்றவள். அவள் உதைக்கவில்லை, பெட்டி அதற்கு முன்பே நின்றுவிட்டது என்று அங்கேயே சொன்னேன். "நீங்க டெக்னிக்கல் ஸ்டாஃப், உங்க வேலையப் பாருங்க மேடம்" என்றார்.

சில வாரம் கழித்து அவளுக்கு நோட்டீஸ் போனது. தேர்வுக்கூடத்தில் ஒழுங்கீனம், இனி அந்த வாரியத்தின் எந்தத் தேர்வும் எழுதத் தடை, பதில் சொல்ல விசாரணைக்கு வரவும். அவளும் அவள் அப்பாவும் கல்லூரிக்கு வந்தார்கள். திருமலை சார் அவர்களுக்கும் டீ வரவழைத்தார். நாங்கள் என்ன செய்ய முடியும், ஏஜென்சி எழுதியது, மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள், சின்னப் பிள்ளை என்று விட்டுவிடுவார்கள் என்று தன்மையாகச் சொன்னார். நான் வேறு வேலையாக அந்த அறைக்குப் போனவள் வாசலில் நின்றுவிட்டேன்.

அப்பாக்காரர் டீயைத் தொடவில்லை. "எம்மவ பொட்டிய உதைக்கிற புள்ளை இல்லங்கய்யா. செய்யாததுக்கு எதுக்கு மன்னிப்பு?" என்றார். மகேஸ்வரி தலையைக் குனிந்தபடி இருந்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது பார்த்தேன், அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு சார் என்னை உட்காரச் சொன்னார். விசாரணைக்கு அதிகாரி வரப்போகிறார், பெட்டிகளெல்லாம் நல்ல நிலையில் இருந்தன என்று லேப் பொறுப்பாளர் என்ற முறையில் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் மையம் போய்விடும், கல்லூரி பெயர் கெடும், மேரிக்கும் ஓய்வுக்குச் சில வருஷம்தான் இருக்கிறது, எதற்கு வம்பு என்றார். மிரட்டுகிற குரலே இல்லை. என் நன்மைக்காகச் சொல்கிற மாதிரி இருந்தது. அந்தத் தன்மையைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் மெக்கானிக். சாப்பிட்டுக்கொண்டே கேட்டவர், பிரேக் பிடிக்காத வண்டியை நல்ல வண்டி என்று சொல்லி அனுப்பச் சொன்னால் நான் அனுப்புவேனா என்று மட்டும் கேட்டார். வேலை போனால் என்ன செய்வது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

விசாரணைக்கு வந்தவர் ஒரு பெண் அதிகாரி. அதிகம் பேசாதவர். மகேஸ்வரி, அவள் அப்பா, ஏஜென்சி ஆள், திருமலை சார், நான் எல்லோரும் லேபில் இருந்தோம். அதிகாரி என்னிடம் பெட்டிகள் எப்படி இருந்தன என்று கேட்டார். ரேம் மோசம், தேர்வுக்கு முன்பே தெரியும் என்றேன். சார் அதைக் கேட்டு முகம் மாறவில்லை. "சோதிச்சுப் பாத்துரலாமே மேடம்" என்றார்.

மகேஸ்வரி முதலில் உட்கார்ந்த பெட்டியில் சோதனையை ஓட்டினோம். சிவப்பு விழவில்லை. இரண்டாவது பெட்டி, அதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. மூன்றாவதை நான் கழற்றிப் பார்த்தேன். பல்வரிசையில் ஒரு கீறல் கிடையாது. முதலில் மாதிரிக்கு வந்ததே, அந்த நல்ல சரக்கு. அவள் உட்கார்ந்த மூன்று பெட்டியிலும் சார் மாற்றிவைத்திருக்கிறார். என் காது சூடாகிவிட்டது. கை கழுவி, ஜன்னல் கம்பியைத் தொட்டு, ஓரத்தைப் பிடித்து, எவ்வளவு பதவிசாக மாற்றியிருப்பார் என்று கண்ணில் தெரிந்தது.

அதிகாரி கைப்பையை எடுத்தார். நான் குறுக்கே நின்றேன்.

"மேடம், இந்த மூணு வேண்டாம். இந்த ஹால்ல வேற எதுன்னாலும் நீங்களே கை காட்டுங்க."

அவர் என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நடந்துபோய் நடு வரிசையில் ஒரு பெட்டியைத் தொட்டார். கேபினட்டை மூடியே வைத்து, ஏ.சி.யை நிறுத்தச் சொன்னேன். தேர்வு நேரத்தில் அவ்வளவு சூடு இருந்தது என்றேன். புரோகிராம் ஓட ஆரம்பித்தது. எல்லோருக்கும் வியர்த்தது. மகேஸ்வரி மட்டும் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றாள். முதலில் ஒரு சிவப்பு வரி வந்தது. பிறகு கீழே கீழே என்று திரை முழுக்கச் சிவப்பாக இறங்கியது.

இதற்கு என்ன அர்த்தம் என்று அதிகாரி கேட்கவில்லை. அவருக்குப் புரிந்திருந்தது. சாரைப் பார்த்தார்.

"கடைக்காரன் ஏமாத்திட்டான் மேடம். நாங்களும் பாதிக்கப்பட்டவங்கதான்" என்றார் அவர். குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "நீங்க பாத்தீங்க சார். கையில எடுத்து நகத்தால சொரண்டிப் பாத்தீங்க. சிப்பு ரெண்டு ஜாதின்னு நீங்கதான் சொன்னீங்க" என்றேன்.

அப்படியா என்று அதிகாரி அவரைக் கேட்டார்.

"எனக்கு ஞாபகம் இல்ல மேடம்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பிரபு, எனக்கு இன்னும் கோபம். தெரியாமல் செய்தவனோடு சண்டை போட்டு, சொல்லிக்கொடுத்து, பிறகு சேர்ந்து வேலையும் பார்த்துவிடலாம். இந்த வேலையை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அவர். ஒரு சிவப்பு வரி விழுந்தாலும் திருப்பி அனுப்பு என்று விதி போட்டவர். அந்த விதி மாணவர்களின் லேபுக்கு இருந்தது, ஆபீஸ் பெட்டிகளுக்கு இருந்தது. ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து எழுதிவிட்டுப் போகிற பரீட்சைக்கு மட்டும் இல்லாமல் போயிற்று. அவர்கள் திரும்பி வந்து கேட்க மாட்டார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் அவர் ஏமாந்தது ஒரே ஒரு பெண்ணிடம்தான்.

முடிவு என்ன ஆனது என்றால், ஒழுங்கீனம் என்ற குற்றச்சாட்டை ரத்து செய்தார்கள். தடையும் நீங்கியது. ஆனால் அவளுக்கு மறுதேர்வு இல்லை. பெட்டி நின்றதைப் பற்றிய புகாரை இன்ன காலத்துக்குள் கொடுத்திருக்க வேண்டுமாம். அந்தக் காலம் தாண்டிவிட்டதாம். அந்தக் காலம் முழுக்க அவள் உதைத்தாளா இல்லையா என்றுதான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. அடுத்த தேர்வு வந்தபோது அவளுக்கு வயது தாண்டிவிட்டது. தடை நீங்கியவளுக்கு எழுதத் தேர்வு இல்லை.

கல்லூரிக்குக் கொஞ்ச காலம் மையம் வரவில்லை. புதுப் பெட்டிகள் வாங்கினார்கள், பிறகு வந்தது. அந்தக் கடையிலிருந்து சரக்கு வருவதும் நிற்கவில்லை; பில்லில் பெயர் மட்டும் மாறியது. திருமலை சாரைச் சென்னையில் அதே நிர்வாகத்தின் பெரிய கல்லூரிக்கு அனுப்பினார்கள். பதவி உயர்வோடு. வழியனுப்பு விழாவில் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு, என்னுடைய நேர்மையைப் பாராட்டிப் பேசினார். நான் மேடை ஏறவில்லை. என்னை லேபிலிருந்து எடுத்து, மாணவர்களுக்கு அடையாள அட்டை அடிக்கிற அறையில் போட்டார்கள். ஓய்வு பெறுகிறவரைக்கும் அட்டைதான் அடித்தேன். முன்பு என்னோடு சேர்ந்து சாப்பிட்ட சிலர் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அட்டை அடிக்கிற மெஷினையும் நான் ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் மகேஸ்வரி போன் செய்தாள். என் நம்பரை எங்கே பிடித்தாளோ. நத்தத்தில் ஒரு மாங்காய் மண்டியில் கணக்குப் பார்க்கிறாளாம். மண்டியின் கம்ப்யூட்டர் தள்ளாடுகிறது, ரேம் போட வேண்டும் என்கிறார்கள், எதை வாங்குவது என்று கேட்டாள். போனில் சொல்லவில்லை. நேரில் வாரேன் என்றேன்.

சீசன் நேரம். மண்டி முழுக்கக் காய், வாசலில் வேன்கள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருப்பதாகச் சொன்னாள். பெட்டியைத் திறந்து தூசி தட்டினேன். போர்டின் நம்பரைப் படித்து, அதற்கான பட்டியலை என் கைபேசியில் எடுத்தேன். ஏற்கனவே இருந்த ரேமைக் கழற்றி இரண்டு பக்கமும் பார்த்தேன். சேர்கிறது எது என்று தெரிந்ததும் திண்டுக்கல்லில் எனக்குத் தெரிந்த கடையில் சொல்லி, அடுத்த பஸ்ஸிலேயே கொடுத்துவிடச் சொன்னேன். வந்தது. மாட்டினேன். சோதனையை ஓட்டிவிட்டு இருவரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். அவள் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் மாங்காய்ப் பச்சடி.

நடுவில், திரையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

"கடைசிப் பொட்டி நின்னப்ப ஒரு தொட்டிக் கணக்குக்கா. ரெண்டு குழாய் தண்ணி ரொப்பும், ஒரு ஓட்டை வழியா ஒழுகும். எம்புட்டு நேரத்துல நெறையும்னு. பதினெட்டு நிமிஷம். போட்டுட்டேன். மௌஸ வச்சு அமுக்குறேன், அமுங்கல. இன்னமும் சில நாளு கையி தானா அமுக்குதுக்கா."

நான் சோற்றைக் கீழே வைத்துவிட்டேன். சோதனை முடிந்து, ஒரு தவறும் இல்லை என்று திரையில் வந்தது. அவள் சந்தோஷமாகச் சிரித்து, "அம்புட்டுத்தானாக்கா, முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன். காலையில் பஸ் ஏறி வந்தேன். சாயங்காலம் ஆகவில்லை, வேலை முடிந்துவிட்டது. ஒரு மண்டியின் மாங்காய்க் கணக்குக்குக் கிடைத்த இந்த ஒரு பகல் பொழுதை, அன்றைக்கு அவளுக்குக் கொடுக்க அந்தக் கல்லூரியில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.